கல்கிசைக் குன்றின் மாளிகை: ஆளுநர் இல்லம் விடுதியான வரலாறு

முன்னுரை

வரலாறு என்றால் அரசர் பெயர்களும் போர் நடந்த ஆண்டுகளும் மட்டுமே என்று எண்ணுவோர் இன்றும் உளர். கல்லும் சுண்ணாம்பும் மரமும் கொண்டு எழுப்பப்பட்ட கட்டிடமும் ஒரு வரலாற்றுச் சான்றே. ஏட்டைப் படிப்பதற்கு எழுத்தறிவு வேண்டும். கட்டிடத்தைப் படிப்பதற்குச் சில வினாக்கள் வேண்டும். யார் கட்டினார்? யாருடைய பணத்தில் கட்டினார்? யாருடைய உழைப்பில் அது எழுந்தது? அதன் வாயில் யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது? இந்நான்கு வினாக்களையும் கையிலேந்தி எந்தக் கட்டிடத்தின் முன் நின்றாலும், அது நமக்கு ஏதேனும் ஒன்றைச் சொல்லாமல் விடாது.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்து மாளிகைகள் பல ஆசிய நாடுகளில் இன்று உயர்தரச் சொகுசு விடுதிகளாக மாறியுள்ளன. அவற்றுள் ஒன்று, இலங்கைத் தலைநகர் கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறைக் குன்றின்மேல் அமைந்த மவுண்ட் லவினியா ஓட்டல் ஆகும். அவ்வூரைத் தமிழர் கல்கிசை என்பர். ஒரு காலத்தில் ஆங்கில ஆளுநர்கள் காற்று வாங்கி இளைப்பாறிய இல்லம் அது. இன்று பணம் செலுத்தும் எவரும் தங்கக்கூடிய விடுதி. இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்ந்தது, அம்மாற்றத்தில் எது காக்கப்பட்டது, எது மறக்கப்பட்டது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலப் பின்னணி

இலங்கையின் கடலோரப் பகுதிகள் முதலில் போர்த்துக்கேயரிடமும், 1658-க்குப் பின் ஒல்லாந்தரிடமும் இருந்தன. 1796-இல் அவை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. சில ஆண்டுகள் சென்னையிலிருந்தே இப்பகுதியின் நிர்வாகம் நடைபெற்றது. 1802-இல் இலங்கை, கம்பெனியினின்றும் முற்றிலும் பிரிக்கப்பட்டு, ஆங்கில முடியின் நேரடிக் குடியேற்ற நாடாயிற்று. நடுவே மலைநாட்டில் கண்டி அரசு மட்டும் 1815 வரை தனித்து நின்றது.

முடியாட்சியின் முதல் ஆளுநர் பிரடெரிக் நார்த். அவருக்குப்பின் 1805-இல் பொறுப்பேற்றவர் சர் தாமஸ் மெய்ட்லண்ட். நார்த் விட்டுச்சென்ற கருவூலம் பற்றாக்குறையில் கிடந்தது. கண்டியின் மீது 1803-இல் தொடுத்த போர் பெருந்தோல்வியில் முடிந்திருந்தது. எனவே மெய்ட்லண்டின் முதற்பணி சிக்கனமாகவே இருந்தது. செலவுகளைக் குறைத்தார், பதவிகளைக் குறைத்தார், அலுவலர்களை இறுக்கிப் பிடித்தார். கண்டிப்பும் சிக்கனமும் மிக்கவர் என்றே வரலாற்றாசிரியர் அவரைக் குறிப்பர்.

இத்தகைய சிக்கன ஆளுநர்தாம், கொழும்பின் புழுக்கத்திற்கு அப்பால், கல்கிசைக் கடற்குன்றின்மேல் தமக்கென ஓர் ஓய்வு இல்லத்தை அமைத்துக்கொண்டார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பெரிய மாளிகை அன்று. கடற்காற்று நாடிக் கட்டிய ஒரு பங்களா எனலாம். அதுவே இன்றைய விடுதிக்கு வித்து.

மாளிகையாக வளர்ந்த பங்களா

பங்களா மாளிகையானது பிற்காலத்தில்தான். 1820 முதல் 1822 வரை பதில் ஆளுநராகவும், 1824 முதல் 1831 வரை ஆளுநராகவும் விளங்கிய சர் எட்வர்ட் பார்ன்ஸ் கட்டிடக் காதலர், சாலைக் காதலர். கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருஞ்சாலை அவர் காலத்துச் சாதனை. கண்டியில் ஆளுநருக்கென ஒரு மாளிகை எழுப்பினார். நுவரெலியாவின் குளிர்ந்த மலையில் தமக்கென ஓர் இல்லம் அமைத்தார். கல்கிசையில் மெய்ட்லண்டின் பங்களா இருந்த இடத்தில் பெரிய தூண்களும் அகன்ற கூடங்களும் உடைய மாளிகையை உருவாக்கினார். இன்றைய விடுதியின் பழம்பகுதிக்கு மூலமாக இருப்பது பெரிதும் பார்ன்ஸ் காலத்து மாளிகையே ஆகும்.

இலண்டனில் இருந்த மேலாளர்களுக்கு இந்த ஆடம்பரம் பிடிக்கவில்லை. வருவாய் குறைந்த ஒரு குடியேற்ற நாட்டில் ஆளுநருக்கு எத்தனை மாளிகைகள் தேவை என்ற வினா அவர்களுக்கு எழுந்தது இயல்பே. 1829-இல் கோல்புரூக் தலைமையில் ஓர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. காமரனும் பின்னர் அதனோடு சேர்ந்தார். வரவு செலவு, நிர்வாகம், நீதி எனும் அனைத்தையும் அவ்விருவரும் துருவி ஆராய்ந்தனர். சிக்கனமே அவர்கள் பரிந்துரைகளில் மேலோங்கி நின்றது. பார்ன்சுக்குப் பின்வந்த ஆண்டுகளில் கல்கிசை மாளிகை அரசுக்குத் தேவையற்ற சுமையாயிற்று. 1840-களின் தொடக்கத்தில் தனியார் கைக்கு விற்கப்பட்டது. ஆட்சியாளர் விரும்பிக் கட்டிய மாளிகை ஆட்சிக்கே பாரமாகிப்போன விந்தை இது.

பணம் எங்கிருந்து வந்தது?

இரண்டாம் வினாவிற்கு வருவோம். அக்காலத்து இலங்கை அரசின் வருவாய் எவற்றால் ஆனது? நிலவரி இருந்தது, உப்பு, சாராயம் ஆகியவற்றின் மீதான வருவாய் இருந்தது. ஆயினும் ஐரோப்பியர் இத்தீவை நாடிவந்ததற்குத் தலையான காரணம் கறுவா. கறுவாப்பட்டை உரித்தலும் விற்றலும் அரசின் தனியுரிமையாக வைக்கப்பட்டிருந்தன. ஒல்லாந்தர் வகுத்த அம்முறையை ஆங்கிலேயர் அப்படியே ஏற்றுக்கொண்டு 1833 வரை நடத்தினர். பட்டை உரிப்பது சாலகம எனப்படும் குலத்தார்மேல் பரம்பரைக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது.

மற்றொன்று முத்து. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, தமிழ் மாணவராகிய நமக்கு அயலான செய்தி அன்று. தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களிலிருந்து முத்துக்குளிப்போர் பருவந்தோறும் படகேறி அரிப்புக் கடற்கரைக்குச் சென்றனர். மூச்சடக்கி மூழ்கி அவர்கள் அள்ளிய சிப்பிகளில் பெரும்பங்கு அரசுக்கே சேர்ந்தது. முத்து விளைந்த ஆண்டுகளில் கருவூலம் நிறைந்தது. விளையாத ஆண்டுகளில் பற்றாக்குறை தோன்றிற்று.

கல்கிசைக் குன்றில் செலவான ஒவ்வொரு காசும் இன்ன இடத்திலிருந்து வந்தது எனப் பிரித்துக் காட்டுதல் நம் நோக்கமன்று. ஆனால் ஆளுநரின் ஊதியமும் ஆளுநர் இல்லத்தின் செலவும் இத்தகைய வருவாய்களின் மேல்தான் நின்றன என்பதில் ஐயமில்லை. கடலைப் பார்த்து நிற்கும் அம்மாளிகைக்கும், கடலுக்குள் மூழ்கிய தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கும் உள்ள தொடர்பு இதுவே.

உழைப்பு யாருடையது?

மூன்றாம் வினா இன்னும் ஆழமானது. இலங்கையில் பழங்காலந்தொட்டு 'இராசகாரியம்' என்றொரு முறை நிலவியது. அரசன் நிலம் வழங்குவான். நிலம் பெற்றவன் அதற்கு ஈடாகத் தன் குலத்துக்குரிய தொழிலை அரசனுக்குச் செய்து தருவான். குளம் வெட்டுதல், வாய்க்கால் பழுது பார்த்தல் போன்ற பொதுப்பணிகளுக்கு இம்முறை பயன்பட்டது. நாட்டு மரபில் அதற்கு வரையறைகளும் இருந்தன.

அந்நிய ஆட்சியில் இம்முறை உருமாறியது. ஆளுநர் நார்த், ஊழியத்திற்குப் பதிலாக வரி என்ற புதுமுறையைக் கொணர முயன்றார். அது வெற்றி பெறவில்லை. மெய்ட்லண்ட் மீண்டும் பழைய ஊழிய முறையையே நிலைநாட்டினார். பார்ன்ஸ் காலத்தில் மலைநாட்டுச் சாலைகள் பெருமளவில் இக்கட்டாய உழைப்பினாலேயே வெட்டப்பட்டன. நிலத்திற்கு ஈடாகக் குளம் வெட்டியவன், இப்போது படையும் காப்பிச் சுமையும் செல்லச் சாலை வெட்டினான். தன் ஊர்ப்பயிரை விட்டுவிட்டு, தொலைவில் மலைச்சரிவில் பாறை உடைத்தான். கடமை என்ற சொல் அதேதான். ஆனால் அதன் பயன் போய்ச் சேர்ந்த இடம் வேறு.

இம்முறையைக் கோல்புரூக் கடுமையாகக் கண்டித்தார். 1832-இல் இராசகாரியம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. சாலைக்கு உழைப்பு வேண்டுமே என்று வாதிட்ட பார்ன்சின் கருத்து எடுபடவில்லை. ஆக, கல்கிசை மாளிகையின் பொற்காலமும் இலங்கைக் குடியானவனின் கட்டாய உழைப்புக் காலமும் ஒன்றே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பார்ன்சின் பெயர் காப்பியோடும் பிணைந்தது. அவரே கண்டிக்கு அருகில் கன்னொறுவையில் காப்பித் தோட்டம் வைத்தவர். அவரைப் பின்பற்றி எழுந்த தோட்டங்களுக்கே, பின்னர் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து சென்றனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். அவர்கள் வழித்தோன்றல்களே இன்றைய மலையகத் தமிழர்.

லவினியா: கதையும் உண்மையும்

இம்மாளிகையைப் பற்றி உலகுக்குத் தெரிந்த செய்தி மேற்கண்டவற்றுள் ஒன்றுமில்லை. உலகுக்குத் தெரிந்தது ஒரு காதற்கதை. மெய்ட்லண்ட் இலங்கைக்கு வந்ததும் நடந்த வரவேற்பு விருந்தில் ஒரு நாட்டியப் பெண் ஆடினாளாம். அவள் பெயர் லொவினா. போர்த்துக்கேயக் குருதியும் சிங்களக் குருதியும் கலந்தவள். குலப்படிநிலையில் மிகத் தாழ்வாக வைக்கப்பட்ட குடியில் பிறந்தவள். ஆளுநர் அவள்மேல் காதல் கொண்டார். அவள் வீட்டருகே இருந்த கிணற்றிலிருந்து மாளிகையின் நிலவறை வரை ஒரு சுரங்கவழி அமைக்கப்பட்டதாம். இரவில் அவ்வழியே அவள் வந்து போவாளாம். 1811-இல் அவர் நாடு திரும்ப, காதல் பிரிவில் முடிந்தது என்பது கதை. அவள் பெயரே திரிந்து லவினியா ஆயிற்று என்பர். கடற்பறவையைக் குறிக்கும் 'லிஹினியா' என்ற சிங்களச் சொல்லிலிருந்து குன்றின் பெயர் வந்தது என்ற வேறொரு விளக்கமும் உண்டு.

கதையை நம்பலாமா என்று கேட்பதைவிட, கதையில் எது சான்றுடையது, எது சான்றற்றது என்று பிரிப்பதே மாணவர்க்கு அழகு. மெய்ட்லண்ட் மணமாகாதவர் என்பது உண்மை. அவர் 1811-இல் இலங்கையை விட்டகன்றதும், பின்னர் மால்டாத் தீவின் ஆளுநராகி 1824-இல் அங்கேயே இறந்ததும் உண்மை. ஆனால் இன்று பயணிகள் கண்டு வியக்கும் தூண்களும் கூடங்களும் அவர் காலத்தன அல்ல. பார்ன்ஸ் காலத்தனவும் அதற்குப் பிற்பட்டனவுமே. காதல் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் வீடு வேறு. காதலைச் சொல்லிக் காட்டப்படும் வீடு வேறு.

எனினும் கதையை முற்றாகத் தள்ளிவிடுதலும் முறையன்று. நாட்டார் கதைகள் நிகழ்ச்சியில் பொய் சொன்னாலும் நிலைமையில் மெய் சொல்லும். ஆளுநரோ தீவு முழுவதையும் ஆள்பவர். அவர் விரும்பிய பெண் சுரங்கத்தின் வழியேதான் வரவேண்டும் என்று கதை கூறுகிறது. ஏன்? முன்வாயில் அவளுக்கு உரியதன்று. நிறத்தாலும் குலத்தாலும் தாழ்த்தப்பட்ட ஒருத்தி விளக்கேற்றிய முன்மண்டபத்தில் கால்வைக்க இயலாது என்பதை அன்றைய மக்கள் நன்கு அறிந்திருந்தனர். அவ்வறிவே சுரங்கமாக உருக்கொண்டது எனக் கருத இடமுண்டு. நான்காம் வினாவிற்கு, அதாவது வாயில் யாருக்குத் திறந்தது என்பதற்கு, ஆவணம் தராத விடையைக் கதை தந்துவிடுகிறது.

விடுதியாக மாறியது எவ்வாறு?

தனியார் கைக்குப் போன மாளிகை விடுதியாக வேண்டுமானால், விருந்தினர் வேண்டும்; அவர்கள் வந்துசேர வழி வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்விரண்டும் கூடி வந்தன.

1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே செல்லும் நீராவிக் கப்பல்கள் எல்லாம் இந்துமாக்கடலின் நடுவழியில் நிலக்கரி ஏற்றிக்கொள்ள ஒரு துறைமுகத்தை நாடின. அதுவரை காலித் துறைமுகமே அப்பெருமையைப் பெற்றிருந்தது. கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1885-இல் அது நிறைவேறியது. அதன்பின் கப்பல்கள் கொழும்பையே நாடின. நிலக்கரி ஏற்றும் வரை பயணிகள் கப்பலில் கரித்தூளுக்கிடையே அமர்ந்திருக்க விரும்புவரோ? கரையிறங்கினர், ஊர் சுற்ற விழைந்தனர்.

இதற்கிடையில் 1877-இல் கொழும்பிலிருந்து கடலோரமாகக் கல்கிசை வரை இருப்புப்பாதை போடப்பட்டது. அப்பாதை குன்றின் அடிவாரத்தை ஒட்டியே சென்றது. கப்பலிலிருந்து இறங்கிய பயணி, சிறிது நேர இரயில் பயணத்தில் ஆளுநரின் பழைய மாளிகைக்கு வந்து, கடலைப் பார்த்தபடி மீன் உணவு உண்டு, மாலையில் கப்பலுக்குத் திரும்ப முடிந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'மவுண்ட் லவினியா கிராண்ட் ஓட்டல்' என்ற பெயர் பயண நூல்களிலும் படஅட்டைகளிலும் இடம்பெறலாயிற்று. ஆட்சியாளரின் மனவிருப்பத்தால் எழுந்த மாளிகை, கால்வாய், துறைமுகம், இருப்புப்பாதை ஆகிய மூன்றின் கூட்டுறவால் விடுதியாயிற்று.

பார்ன்ஸ் நுவரெலியாவில் அமைத்த 'பார்ன்ஸ் ஹால்' இல்லமும் அந்நூற்றாண்டின் இறுதியிலேயே கிராண்ட் ஓட்டலாக மாறியது என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. ஒரே ஆளுநரின் இரண்டு இல்லங்கள் இரண்டு விடுதிகளாயின!

இதனை வெறும் தற்செயல் என்று கொள்ளுதல் பொருந்தாது. ஆளுநர் மாளிகை என்பது தொடக்கத்திலேயே விருந்தோம்பலுக்காகக் கட்டப்படுவது. பெரிய உணவுக்கூடம், நடனக்கூடம், விருந்தினர் அறைகள், பெரிய சமையற்கட்டு, பணியாளர் குடியிருப்பு, வண்டிகள் நிற்க முற்றம் என எல்லாம் முன்பே இருந்தன. மாறியது ஒன்றே: முன்பு விருந்தினர் அழைப்பிதழோடு வந்தனர், பின்பு பணப்பையோடு வந்தனர்.

இந்தியாவிலும் இதே போக்கைக் காணலாம். செய்ப்பூரின் இராம்பாக் அரண்மனை 1957-இலும், உதயப்பூரின் ஏரி அரண்மனை 1963-இலும் விடுதிகளாயின. 1971-இல் அரசியலமைப்பின் 26ஆம் திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தபின் இப்போக்கு விரைவுற்றது. ஆங்கில அரசப் பிரதிநிதி தங்குவதற்கென்றே மைசூரில் 1921-இல் அடிக்கல் நாட்டப்பட்ட லலித மகால் 1974-இல் விடுதியாயிற்று. ஐதராபாத்தின் பலக்னுமா அரண்மனை நெடுநாள் பூட்டிக் கிடந்து, 2010-இல் விடுதியாகத் திறக்கப்பட்டது. பராமரிக்கப் பணமில்லாத பெரிய வீட்டிற்கு இவ்வொரு வழியே எஞ்சியது எனலாம்.

திரைப்படமும் சுற்றுலாவும்

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. கல்கிசை விடுதி புதிய நாட்டின் சுற்றுலா அடையாளங்களுள் ஒன்றாயிற்று. டேவிட் லீன் இயக்கி 1957-இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படத்தின் பெரும்பகுதி இலங்கையில் எடுக்கப்பட்டது. அதில் படைமருத்துவமனையாகக் காட்டப்படும் இடம் இவ்விடுதியே. சயாமிலும் பர்மாவிலும் சப்பானியர் அமைத்த மரண இரயில்பாதையைப் பற்றிய படம் அது. அப்பாதையில் மாண்டவருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. மாளிகையின் வரலாற்றில் முத்துக்குளித்தவனுக்கும் சாலை வெட்டியவனுக்கும் இடமில்லாமற் போனதுபோலவே இதுவும்.

1966-இல் இலங்கைச் சுற்றுலாச் சபை அமைக்கப்பட்டபின் வெளிநாட்டுப் பயணிகள் வருகை பெருகியது. பழைய மாளிகையோடு புதிய பகுதிகள் சேர்ந்தன. இன்று அவ்விடுதியில் 'ஆளுநர் பகுதி' என்று பழம்பகுதிக்குப் பெயர்; வாயிற்காவலர் ஆங்கிலேயர் காலத்துத் தொப்பியும் அரைக்காற்சட்டையும் அணிந்து வரவேற்கின்றனர்; லவினியாவின் கதை மணவிழாக்களுக்கு ஏற்ற இனிய பின்னணியாகச் சொல்லப்படுகிறது. மூடிய வாயில் இன்று உள்நாட்டு மக்களுக்கும் திறந்துள்ளது என்பது மகிழ்ச்சியே. ஆயினும் வாயிலின் பூட்டு கழன்ற இடத்தில் விலைப்பட்டியல் தொங்குகிறது என்பதையும் கூறத்தான் வேண்டும்.

அரிப்பில் ஒரு மாளிகை

இனி, இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைக் காண்போம். மெய்ட்லண்டிற்கு முன் ஆண்ட நார்த்தும் கடலோரத்தில் ஒரு மாளிகை கட்டினார். மன்னாருக்குத் தெற்கே அரிப்பில், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுவதற்காக 1801-க்கும் 1804-க்கும் இடையே எழுந்த அம்மாளிகை, கிரேக்கப் பாணித் தூண்களால் 'டொரிக்' என்று பெயர் பெற்றது. அதன் இன்றைய நிலை என்ன? கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது; சுவர்கள் ஒவ்வொன்றாய்ச் சரிந்து, செங்கற் சிதைவாய் நிற்கிறது. அரிப்புப் பகுதியின் பழஞ்சிதைவுகளோடு அல்லியரசாணியின் பெயரை இணைத்துப் பேசுவதும் மக்கள் வழக்கில் உண்டு. தெற்கே லவினியா, வடக்கே அல்லி. கட்டியவர் பெயரை மறந்து, ஒரு பெண்ணின் பெயரை ஏற்றிவைத்துக் கட்டிடத்தைத் தமதாக்கிக்கொள்வது மக்கள் இயல்புபோலும்!

இரு மாளிகைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. இரண்டும் கடற்கரையில் அமைந்தவை. இரண்டும் ஆளுநர்கள் கட்டியவை. ஒன்று ஒளிவிளக்குகளோடு நிற்கிறது, மற்றொன்று மண்ணாகிறது. காரணம் கட்டிட வலிமை மட்டுமன்று. கல்கிசைக்குத் தலைநகர் அருகில் இருந்தது, இரயில் வந்தது, கப்பற்பயணி வந்தான். அரிப்பின் வாழ்வோ முத்தையே நம்பியிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துக்குளிப்பு நின்றது, ஊர் ஒடுங்கியது, பின்னர் நெடுங்காலப் போர் வந்தது. பயன் உள்ள கட்டிடம் வாழும். பயன் இழந்தது வீழும். பழமை என்ற ஒன்றே எந்தக் கட்டிடத்தையும் காப்பாற்றியதில்லை.

சீர்தூக்கல்

அவ்வாறாயின், மாளிகை விடுதியாவது நன்றா தீதா? இரு பக்கமும் நோக்குவோம்.

நன்று என்போர் கூறுவன வலுவானவை. கூரை ஒழுகினால் பழுது பார்க்கப் பணம் வருகிறது, சுவர் நிற்கிறது. சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுதலாம்! ஊராருக்கு வேலை கிடைக்கிறது. அரசின் கையில் இருந்து அலுவலகங்களாகிப் பாழான பழங்கட்டிடங்கள் எத்தனையோ உள.

தீது என்போர் கூறுவனவும் தள்ளத்தக்கன அல்ல. விடுதி விற்பது அறையை மட்டுமன்று. கடந்த காலத்தையும் சேர்த்தே விற்கிறது. விற்கப்படும் கடந்த காலம் இனிமையாக இருந்தாக வேண்டும். எனவே காதல் மிஞ்சும். கறுவா உரித்தவன் மறைவான். ஆளுநரின் பெயர் அறைக்கு வைக்கப்படும். இராசகாரியம் என்ற சொல் எங்கும் எழுதப்படாது. அடிமைப்பட்ட காலத்தின் சீருடை அழகிய அலங்காரமாகிவிடும்.

மேலும், சுற்றுலாவை மட்டுமே நம்பி நிற்கும் காப்பு உறுதியான காப்பு அன்று. 2019 ஏப்பிரல் 21 அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தது. 2022-இல் நாடே பொருளாதார நெருக்கடியில் தத்தளித்தது. இம்மூன்றிலும் பயணிகள் வருகை பாதிக்கப்பட்டது. அன்று முத்து விளையாத ஆண்டில் அரிப்பு வாடியதுபோல, பயணி வராத ஆண்டில் விடுதிகள் வாடின. ஒற்றைத் தூணில் நிற்கும் கூரை எக்காலத்தும் அச்சத்திற்குரியதே.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. விடுதி விடுதியாகவே இருக்கட்டும். ஆனால் அதன் கூடத்தில் முழு வரலாறும் எழுதி வைக்கப்படட்டும். லவினியாவின் சிலைக்கு அருகே, சாலை வெட்டியவர்க்கும் முத்துக்குளித்தவர்க்கும் நான்கு வரிகள் இடம்பெறுவதால் எந்தப் பயணியும் அறையைக் காலி செய்துகொண்டு போய்விடமாட்டான். உண்மை அறிந்தவன் அக்கட்டிடத்தை இன்னும் கூர்ந்து நோக்கவே செய்வான்.

முடிவுரை

கல்கிசைக் குன்றின் மாளிகை நமக்குக் கற்பிப்பது யாது? கட்டிடம் ஒன்றுக்கு ஒரு வரலாறு மட்டும் இருப்பதில்லை. கட்டுவித்தவனின் வரலாறு ஒன்று. கட்டியவனின் வரலாறு ஒன்று. வரி கொடுத்தவனின் வரலாறு ஒன்று. பின்வந்த மக்கள் புனைந்துகொண்ட வரலாறு மற்றொன்று. இவற்றுள் முதலாவதும் கடைசியும் எளிதில் கிடைக்கும். இடையிலுள்ள இரண்டையும் தேடியே எடுக்கவேண்டும்.

அத்தேடலுக்குக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. நம் மாவட்டங்களிலேயே ஆட்சித்தலைவர் பங்களாக்கள் உள. சமீன்தார் அரண்மனைகள் உள. மலைவாழிடங்களில் ஆங்கிலேயர் கோடை இல்லங்கள் உள. சில விடுதிகளாகிவிட்டன, சில பள்ளிகளாகிவிட்டன, சில புதர்மண்டிக் கிடக்கின்றன. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவ நண்பர்கள் தத்தம் ஊரிலுள்ள ஒரு பழங்கட்டிடத்தைத் தேர்ந்து, முன்னுரையிற் கண்ட நான்கு வினாக்களையும் அதன்மேல் தொடுத்துப் பார்க்கலாம். முதியோரிடம் கதை கேட்கலாம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மாவட்டப் பதிவேடுகளைப் புரட்டலாம். கதையையும் பதிவேட்டையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம்.

அவ்வாறு ஒவ்வொருவரும் ஒரு கட்டிடத்தின் நான்கு விடைகளை எழுதிக் கொணர்ந்தால், அடுத்துவரும் மலர்களில் நம் மாவட்டத்தின் வரலாறே நம் கையெழுத்தில் உருவாகிவிடும். சுவர்கள் சரிவதற்கு முன் அவற்றைப் படித்துவிட வேண்டும். அரிப்பின் கடற்கரை தரும் எச்சரிக்கை அதுவே.